கண்ணு நல்லாத்தான் இருக்கு, அப்போ அந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது?

போன இதழ்ல ஒத்தத் தலைவலி பத்தி எழுதினப்ப கடைசியில ஒரே ஒரு வரி, தலைக்கு வெளியிலேர்ந்தே மூளைக்கு காந்தத் துடிப்பு குடுக்குற டிஎம்எஸ்னு ஒரு முறை இருக்குன்னு போட்டிருந்தேன். இந்தத் தடவ வந்த கடிதத்துல பாதி அந்த ஒரு வரிக்குத்தான். அதுல தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து வந்ததை மட்டும் இங்க எடுத்துக்குறேன். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு பெங்களூர் கூப்புடு தூரம்தான, அங்க போய் அந்த மெஷின பாத்துட்டு வந்தவங்க, பாத்தவங்க சொல்லிக் கேட்டுப் பயந்தவங்க ரெண்டு பேருமே நிறைய இருக்காங்க.

கேள்வி, காவேரிப்பட்டணத்துலேர்ந்து ஒரு வாசகி: டாக்டரம்மா, எனக்கு வயசு 38. மாம்பழ சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறேன். மாசத்துல ரெண்டு மூணு தடவ, கண்ணுக்கு நடுவுல சின்னதா ஒரு மினுமினுப்பு வருது, அப்படியே ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பெருசாகி ஓரத்துக்குப் போயி மறைஞ்சிடுது, ஒரு இருபது நிமிஷம், அதுக்கப்புறம் மண்டைய பொளக்குற தலைவலி, வாந்தி. கண் டாக்டர் ரெண்டு பேரு பாத்துட்டு கண்ணுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டாங்க. கண்ணு நல்லா இருந்தா வெளிச்சம் எப்படிம்மா தெரியும்? வேலைக்கு மட்டம் போட நான் பொய் சொல்றேன்னு வீட்டுல பேசுறாங்க. பெங்களூர்ல இருக்குற அக்கா பையன் பின்மண்டையில காந்தம் வச்சு சரி பண்றாங்க சித்தின்னு சொல்றான். வச்சா பார்வை போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒன்னு, நீங்க பொய் சொல்லல. நீங்க எழுதியிருக்குற மாதிரியே, நடுவுல ஆரம்பிச்சு ரம்பப் பல்லா விரிஞ்சு ஓரத்துக்குப் போறது, இருபது நிமிஷம், பின்னாடி தலைவலி, இது மைக்ரேன் ஆராவோட, அதாவது ஒத்தத் தலைவலிக்கு முன்னாடி வர்ற அறிகுறியோட அச்சு அசல் வர்ணனை. இந்தப் பக்கத்த வீட்டுல இருக்குறவங்க கிட்ட காட்டுங்க.

கண்ணு பாக்குதுன்னு நாம சொல்றோம், ஆனா கண்ணு வெறும் சேதி அனுப்புற இடம், அந்த சேதிய வாங்கிப் பார்வையா ஆக்குற இடம் பின்மண்டைக்குள்ள, பிடரிக்கு மேல ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும் பாருங்க, அதை ஒட்டி உள்பக்கம் இருக்கு. விஷுவல் கார்ட்டெக்ஸ்னு பேரு. அந்த இடத்துல நரம்பு செல்லுங்க தானா கிளம்பிட்டா, வெளியில வெளிச்சமே இல்லாட்டியும் உங்களுக்கு வெளிச்சம் தெரியும். கரும்பு வெட்டின தோட்டத்துல தோகைக்கு தீ வச்சா எப்படிப் போகும், முன்னாடி ஒரு கோடா தீ எரிஞ்சுக்கிட்டே நகரும், அதுக்குப் பின்னாடி கருகி அடங்கிக் கெடக்கும், அதே மாதிரி உங்க பின்மூளையில ஒரு அலை நகருது. முன்னாடி எரியிற கோடுதான் அந்த ரம்பப் பல்லு, பின்னாடி அடங்கின இடம்தான் அந்த நேரத்துல எழுத்து தெரியாம மங்கிப் போற இடம். 1941ல கார்ல் லாஷ்லின்னு ஒரு விஞ்ஞானி தனக்கு வந்த ஆராவையே நேரத்தோட வரைஞ்சு வச்சு, இது மூளையில நிமிஷத்துக்கு மூணு மில்லிமீட்டர் வேகத்துல நகருதுன்னு கணக்குப் போட்டாரு, மூணே வருஷத்துல 1944ல பிரேசில் நாட்டுக்காரர் லியாவோ முயலோட மூளையில கிட்டத்தட்ட அதே வேகத்துல ஊர்ந்து போற அலையப் பாத்துட்டாரு. ஒருத்தரு தன் ஆராவ உக்காந்து வரைஞ்சதும் இன்னொருத்தரு மூளையில நேரா அளந்ததும் ஒத்துப்போனத எப்போ நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்போ காந்தத்துக்கு வரேன். டிஎம்எஸ்ங்கிறது எட்டு மாதிரி இல்லன்னா வட்டமா சுத்தின தாமிரக் கம்பிச் சுருள், பிளாஸ்டிக் உறை போட்டு கைக்கு அடக்கமா இருக்கும். அதுல ஒரு ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் கம்மியான நேரம் பல ஆயிரம் ஆம்பியர் கரண்ட் பாயும், சட்டுன்னு ஒன்னரையிலேர்ந்து ரெண்டு டெஸ்லா அளவுக்கு காந்தப் புலம் எழும்பி விழும், மண்டை ஓட்டைத் தாண்டி ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ள வரைக்கும் சின்னதா மின்சாரத்த தூண்டும். கத்தி இல்ல, ஊசி இல்ல, ஒரு டொக்குன்னு சத்தம், தோலுல சுண்டுற மாதிரி ஒரு தட்டு, அவ்வளவுதான். 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஆன்டனி பார்க்கர் குழுதான் இத மொதல்ல செஞ்சு காட்டினாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1980ல மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத் தோல் மேல நேரா மின்சாரம் விட்டே கையையும் அசைச்சாங்க, கண்ணுக்கு வெளிச்சமும் காட்டினாங்க, ஆனா அது வலிக்கும். பார்க்கர் முறையில அந்த வலி போயிடுச்சு, அதனாலதான் இது ஊரெல்லாம் பரவிச்சு.

இந்தச் சுருள பின்மண்டையில வச்சுத் தட்டினா நிறைய பேருக்கு இருட்டுல ஒரு மின்னல் தெரியும். பாஸ்ஃபீன்னு சொல்லுவோம். நான் பெங்களூர்ல படிச்சப்ப சீனியர் ஒருத்தர் எனக்கு வச்சாரு, சுருள் வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்து இருந்துச்சு, இடது கீழ் மூலையில சாம்பல் கலர்ல ஒரு சின்ன ஆப்பு மாதிரி மின்னிட்டுப் போச்சு. வலது மூளைதான் இடது பக்கத்தப் பாக்குது, மேல் பகுதிதான் கீழ்ப் பக்கத்தப் பாக்குதுன்னு புத்தகத்துல படிச்சது அன்னைக்குத்தான் எனக்கு நிஜமாச்சு. கண்ண உருட்டினா அந்த மின்னலும் கூடவே நகரும். ஆக தங்கச்சி, கண்ணு நல்லா இருந்தாலும் வெளிச்சம் தெரியும்ங்கிறதுக்கு நானே சாட்சி.

எந்த அளவு சக்தியில மின்னல் மொதல்ல தெரியுதோ அதுதான் அந்த ஆளோட பாஸ்ஃபீன் வாசல். கொஞ்சமா தட்டினாலே தெரிஞ்சா அந்தப் பகுதி சீக்கிரம் உசுப்பேறுதுன்னு அர்த்தம், ரொம்ப பலமா தட்டணும்னா மந்தமா இருக்குன்னு அர்த்தம். 1998ல அரோரா குழு அமெரிக்காவுல அளந்தப்ப, ஆரா இருக்குற மைக்ரேன்காரங்களுக்கு இந்த வாசல் மத்தவங்கள விட தாழ்வா இருந்துச்சு, லேசா தட்டினாலே மின்னிச்சு. ஆனா அதே காலத்துல ஐரோப்பாவுல அளந்த குழு அப்படி இல்லன்னு எழுதினாங்க, அதனால மைக்ரேன்னாலே மூளை எப்பவும் சூடா இருக்குதுன்னு ஒரே வரியில முடிச்சிட முடியாது. எனக்கு சரின்னு படுறது இதுதான்: திரும்பத் திரும்ப ஒரே கட்டம் போட்ட படத்தக் காட்டினா சாதாரணமா மூளை பழகிப்போய் அடங்கும், மைக்ரேன்காரங்க பலருக்கு வலி இல்லாத நாள்லயும் அது அடங்குறதில்லன்னு நிறைய ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. துடிக்கிற டியூப் லைட்டும் ஓடுற பெல்ட்டும் உங்களுக்குத் தொந்தரவா இருந்தா காரணம் இதுவா இருக்கலாம். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி துடிக்கிற லைட்ட மாத்தச் சொல்லுங்க.

பார்வை போகுமான்னு கேட்டிருந்தீங்க. போகாது. ஒரு துடிப்போட வேலை ஒரு செகண்டுல சின்னப் பங்குதான். 1989ல அமாசியன் குழு நியூயார்க்ல செஞ்சு பாத்தாங்க, மூணு எழுத்த கண் சிமிட்டுற நேரம் மட்டும் காட்டிட்டு 80லேர்ந்து 100 மில்லி செகண்டு கழிச்சு பின்மண்டையில ஒரு துடிப்பு குடுத்தா அந்த எழுத்து தெரியாமப் போச்சு, அதுக்கு ரொம்ப முன்னயோ ரொம்பப் பின்னயோ குடுத்தா நல்லாவே தெரிஞ்சுது. அவ்வளவு குட்டித் தடங்கல், அடுத்த எழுத்து பளிச்சுன்னு வந்துடும்.

மைக்ரேனுக்கு உபயோகம் உண்டான்னா, உண்டு, ஆனா மந்திரம் இல்ல. ஆரா ஆரம்பிக்கும்போதே கையில புடிக்கிற ஒரு மெஷின பின்மண்டையில வச்சு ரெண்டு துடிப்பு குடுத்துக்குற முறைய 2010ல லிப்டன் குழு சோதிச்சாங்க. ரெண்டு மணி நேரத்துல வலி இல்லாம ஆனவங்க 100ல 39 பேரு, வெறும் டம்மி மெஷின் வச்சவங்கள்ல 22 பேரு. டம்மிக்கே 22 பேருங்கிறதயும் சேத்துப் பாருங்க, அந்த 17 வித்தியாசம்தான் துடிப்போட சம்பளம். 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல அதுக்கு அனுமதி குடுத்தாங்க. நம்ம பக்கம் அந்தக் கை மெஷின் மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற சாமான் இல்ல, அதனால அதுக்குன்னு காசு சேக்குறதுக்கு முன்னாடி தர்மபுரி இல்லன்னா கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயி மைக்ரேன வராம தடுக்குற மாத்திரை பத்திக் கேளுங்க, மாசத்துல ரெண்டு மூணு தடவ வாந்தியோட வருதுன்னா அதுக்கு நீங்க தகுதியான ஆளுதான்.

இன்னும் ரெண்டு விஷயம், இத சொல்லாம இந்த பதில முடிக்க எனக்கு மனசு வராது. அடுத்த தடவ ஆரா வரும்போது ஒரு கண்ண மூடிப் பாருங்க, அப்புறம் மத்த கண்ண. எதை மூடினாலும் தெரிஞ்சா அது மூளையிலேர்ந்து வருது. ஒரே கண்ணுல மட்டும் தெரிஞ்சா, இல்ல திரை விழுந்த மாதிரி இருந்தா, அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு மணி நேரத்துக்கு மேல நீடிச்சாலும், கை கால் வெலவெலத்தாலும், பேச்சு குழறினாலும் அது தலைவலி OP விஷயம் இல்ல, 108 விஷயம். அப்புறம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்குற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு நீங்க எழுதல, ஆரா இருக்குற பொண்ணுங்களுக்கு அது ஸ்ட்ரோக் ஆபத்தக் கூட்டும், சாப்பிடுறதா இருந்தா டாக்டர்கிட்ட ஆரா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லி வேற முறைக்கு மாறுங்க.

கேள்வி, தர்மபுரியிலேர்ந்து ஒரு கல்லூரி மாணவர்: மேடம், நானும் என் ஃப்ரெண்டும் பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக்கு வாலண்டியரா போனோம். பின்மண்டையில டிஎம்எஸ் வச்சாங்க. எனக்கு மின்னல் தெரிஞ்சுது, அவனுக்கு எவ்வளவு கூட்டியும் தெரியல. அப்புறம் என்னை முக்கால் மணி நேரம் கண்ணக் கட்டி இருட்டுல உக்கார வச்சுட்டு திரும்ப தட்டினாங்க, இன்னும் சுலபமா தெரிஞ்சுது. எனக்கு மூளை வீக்கா? அவனுக்கு எதுவும் கோளாறா?

பதில்: தம்பி, ரெண்டு பேருக்கும் ஒன்னும் இல்ல. ஆரோக்கியமா இருக்குறவங்கள்லயே ஒரு கூட்டத்துக்கு மின்னல் தெரியவே தெரியாது. மண்டை ஓட்டோட தடிமன், பார்வைப் பகுதி மடிப்புக்குள்ள எவ்வளவு ஆழத்துல ஒளிஞ்சிருக்கு, சுருள் எந்தக் கோணத்துல இருந்துச்சு, இதெல்லாம் சேந்து முடிவு பண்ணுது. இன்னொன்னு, கை விரல அசைய வைக்கத் தேவையான சக்தியும் மின்னல் காட்டத் தேவையான சக்தியும் ஒரே ஆளுகிட்டயே ஒன்னுக்கொன்னு சம்பந்தம் இல்லாம இருக்குன்னு 2001லயே லண்டன் குழு காட்டிட்டாங்க. அதனால கைய வச்சு அளந்துட்டு உன் மூளையே இப்படித்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நீங்க சொன்ன இருட்டு சமாச்சாரம்தான் இந்த வாரக் கடிதத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்சது. 2000ல போரூஜெர்தி குழு இதையேதான் செஞ்சாங்க, 45 நிமிஷம் வெளிச்சம் படாம உக்காந்தாலே பாஸ்ஃபீன் வாசல் இறங்கிடுச்சு, திரும்ப வெளிச்சத்துக்கு வந்ததும் ரெண்டு மணி நேரத்துல பழைய இடத்துக்கு வந்துடுச்சு. ராத்திரி கரண்ட் போனா ஃபேன் சத்தம், டிவி சத்தம் எல்லாம் அடங்கி, தூரத்து வீட்டுல கொழந்த அழுவுறது கூட கேக்கும் இல்லையா, அது மாதிரி, வர வேண்டிய சேதி வரலன்னா மூளை தானே காத தீட்டிக்குது. அதே வருஷம் அதே ஆளுங்க மறுபக்கமும் பாத்தாங்க, செகண்டுக்கு ஒன்னு வீதம் ஒரு 15 நிமிஷம் பின்மண்டையில தட்டிக்கிட்டே இருந்தா வாசல் ஏறிடுச்சு, அதாவது பகுதி அடங்கிடுச்சு. பொதுவா மெதுவா தட்டினா அடக்கும், செகண்டுக்கு அஞ்சு பத்துன்னு வேகமா தட்டினா உசுப்பும்னு சொல்லுவாங்க, ஆனா ஆளுக்கு ஆள் மாறும், தட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பகுதி என்ன நிலைமையில இருந்துச்சுங்கிறதப் பொறுத்தும் மாறும். 2007ல சில்வான்டோ குழு பண்ணினது ஞாபகம் வருது, ஒரு கலர ரொம்ப நேரம் உத்துப் பாக்க வச்சு, அந்தக் கலர்ல மூளை களைச்ச பிறகு தட்டினா, மின்னலே அந்தக் கலர்ல தெரிஞ்சுதாம்! களைச்சு ஓரமா கெடந்த செல்லுங்களத்தான் துடிப்பு தூக்கி விட்டுது. ஒரே சுருள், ஒரே சக்தி, ஆனா கேக்குற மூளை எப்படி இருக்கோ அப்படித்தான் பதில். இந்தத் துறையில படிக்கணும்னு ஆசை இருந்தா இங்கேர்ந்தே ஆரம்பிங்க தம்பி, துடிப்ப மட்டும் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

கேள்வி, ஓசூர் வாசகர்: கல்யாண மண்டபத்துல ஒரு கூட்டம் போட்டு காந்தப் படுக்கை, காந்தத் தலகாணி விக்கிறாங்க. டிஎம்எஸ் மாதிரியே வேலை செய்யும், தலைவலி, கண் பார்வை, டிப்ரஷன் எல்லாம் சரியாகும்னு சொல்றாங்க. எங்கப்பா பென்ஷன் பணத்துல வாங்கலாம்னு நிக்கிறாரு.

பதில்: வாங்க விடாதீங்க. அந்தக் காலத்து சைக்கிள் டைனமோ அப்பாவுக்கு நல்லாத் தெரியும், சக்கரம் சுத்தினாத்தான் லைட் எரியும், நின்னா அணைஞ்சிடும், உள்ள காந்தம் அதே காந்தம்தான். மாறுற காந்தம்தான் மின்சாரத்த தூண்டும்னு ஃபாரடே 1831லயே சொல்லிட்டாரு. தலகாணிக்குள்ள சும்மா கெடக்குற காந்தம் எத்தன ராத்திரி படுத்தாலும் ஒரு நரம்பு செல்லயும் உசுப்பாது. டிஎம்எஸ்ல வேலை செய்யிறது அந்தப் புலம் சட்டுன்னு எழும்பி விழுற வேகம். டிப்ரஷனுக்கு 2008லேர்ந்து அமெரிக்காவுல அனுமதியோட டிஎம்எஸ் குடுக்குறாங்க, இங்க பெங்களூர் நிம்ஹான்ஸ்ங்கிற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியிலயும் குடுக்குறாங்க, ஆனா அது நெத்தியோட இடது பக்கம், வாரத்துக்கு அஞ்சு நாள், நாலு ஆறு வாரம், எவ்வளவு சக்தியில கை விரல் அசையுதுன்னு டாக்டர் அளந்து சக்தி முடிவு பண்ணின பிறகு. பென்ஷன் பணம் அப்பாவோட இருபது முப்பது வருஷ உழைப்பு, கோவமாப் பேசாம டைனமோவ ஞாபகப்படுத்துங்க, அவரே விட்டுடுவாரு.

கேள்வி, பென்னாகரத்துலேர்ந்து ஒரு வாசகி: எங்க பெரியப்பா பிறந்ததுலேர்ந்தே பார்வை இல்லாதவரு, பிரெய்ல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனாரு. காந்தம் வச்சா அவருக்கு வெளிச்சம் தெரியுமா? அவரு கேக்கல, நான்தான் கேக்குறேன்.

பதில்: நீங்க கேட்ட விதம் மனசத் தொட்டுடுச்சும்மா. நேராவே சொல்றேன், டிஎம்எஸ் யாருக்கும் பார்வை குடுக்காது. நடுவுல பார்வை போனவங்களுக்கு, பின்மூளை நல்லா இருந்தா, தட்டும்போது மின்னல் தெரியலாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவங்களுக்கு பெரும்பாலும் அதுவும் தெரியாது. மண்டை ஓட்டுக்குள்ள, மூளை மேலேயே மின்முனை வச்சு புள்ளி புள்ளியா வெளிச்சம் காட்டுறத 1968ல பிரிண்ட்லியும் லெவினும் செஞ்சாங்க, அது வேற வழி, ஆபரேஷன் வழி, அதுவும் பார்த்துப் பழகி அப்புறம் பார்வை இழந்தவங்களுக்குத்தான்.

ஆனா பெரியப்பாவோட பின்மூளை சும்மா இருக்குன்னு நினைச்சிடாதீங்க. 1997ல கோஹன் குழு சின்ன வயசுலயே பார்வை இழந்தவங்க பிரெய்ல் படிக்கும்போது பின்மண்டையில துடிப்பு குடுத்தாங்க, விரலுக்கு ஒன்னுமே செய்யல, ஆனா எழுத்து தப்பாச்சு, புள்ளி இருக்குற இடத்துல இல்லாத மாதிரியும் இல்லாத இடத்துல இருக்குற மாதிரியும் தெரிஞ்சுதுன்னு சொன்னாங்க. பார்வை இருக்குறவங்களுக்கு அதே இடத்துல தட்டினா விரல் வேலை கெடல. அதாவது நாம பாக்குறதுக்கு வச்சிருக்குற அதே இடத்தாலதான் உங்க பெரியப்பா இத்தன வருஷமா படிச்சிருக்காரு. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண்மணி, பிரெய்ல்ல ரொம்ப கெட்டிக்காரங்க, பின்மூளை ரெண்டு பக்கமும் ஸ்ட்ரோக் வந்ததும் விரல்ல புள்ளி தட்டுப்பட்டும் படிக்க முடியாமப் போச்சுன்னு 2000ல ஒரு அறிக்கை இருக்கு. பார்வை இருக்குறவங்களயே அஞ்சு நாள் கண்ணக் கட்டி பிரெய்ல் சொல்லிக் குடுத்தா, அஞ்சாவது நாள் அவங்க பின்மூளையும் அந்த வேலைக்கு வந்துடுது, கட்ட அவுத்து ஒரு நாள் கழிச்சுப் பாத்தா திரும்பிப் போயிடுதுன்னும் 2008ல பாத்திருக்காங்க.

இத பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டுங்க. அவரு கிட்ட படிச்ச பசங்களுக்கும் சொல்லச் சொல்லுங்க.

கேள்வி, அரூர் வாசகர்: என் தம்பிக்கு மைக்ரேனும் இருக்கு, சின்ன வயசுல ஃபிட்ஸும் வந்திருக்கு. டிஎம்எஸ் பண்ணலாமா?

பதில்: நீங்களா முடிவு எடுக்காதீங்க. டிஎம்எஸ்ல பெரிய ஆபத்துன்னு சொல்லக்கூடியது ஃபிட்ஸ்தான், ரொம்ப ரொம்ப அரிது, ஆனா ஏற்கனவே வந்தவங்களுக்கு கணக்கு வேற. தலைக்குள்ள ஆபரேஷன்ல வச்ச உலோக கிளிப், காதுக்குள்ள காக்ளியர் இம்பிளான்ட், நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்குறவங்களும் சுருள் பக்கம் போகவே கூடாது. உங்க தம்பிக்கு நியூராலஜி டாக்டர் பாத்து சொன்னாத்தான் உண்டு. தூக்கம் கெட்ட நாள்லயும் பண்ணிக்கக் கூடாது, காதுல இயர் பிளக் இல்லாம பண்ணவே கூடாது, அந்த டொக்கு சத்தம் காதுக்கு ஆகாது. போகும்போது தம்பியோட பழைய ஈஈஜி ரிப்போர்ட், கடைசியா ஃபிட்ஸ் வந்த தேதி, இப்போ சாப்பிடுற மாத்திரை அட்டை மூணையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.